ட என்றால் டீ இல்லை

எங்கள் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் விலைப் பலகை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. டீ 10 என்று எழுதியிருந்ததை 12 என்று திருத்தினார்கள், அப்புறம் அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள், அதுவும் கிழிந்து தொங்கியது, கடைசியில் பலகையையே கழற்றி அடுப்புக்குக் காற்றுப் படாமல் இருக்க வடைச்சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். எழுத்து உள்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. தினமும் அங்கேதான் டீ. ஆனால் காசு கொடுக்கும் முறை மாறி மாறி வரும், யாரும் தனியாக ஒரு டீக்குக் கொடுப்பதில்லை, எல்லாம் மொத்தமாக. அதனால் ஒரு டீ என்ன விலை என்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. கேட்டால் என்ன என்கிறீர்களா? இருபது வருஷமாக ஈரோட்டில் துணி வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன், தினம் குடிக்கிற டீக்கு விலை கேட்டால் நன்றாகவா இருக்கும்.

ஒருநாள் என் முறை வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் 3 டீ, 2 வடை என்று சொல்லி 65 ரூபாய் கொடுத்தார். முந்தின நாள் எங்கள் ஆட்கள் 2 டீ, 3 வடை சாப்பிட்டதற்கு 60 ரூபாய் போனது நினைவில் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் 5 டீ, 5 வடை, 125 ரூபாய். ஆக ஒரு டீயும் ஒரு வடையும் ஜோடியாக 25. அடுத்தது, அவருடைய பில்லில் எங்களுடையதைவிட ஒரு டீ கூட, ஒரு வடை குறைவு, அதற்கு 5 ரூபாய் ஏறியிருக்கிறது. ஆகவே டீ வடையைவிட 5 ரூபாய் அதிகம். டீ 15, வடை 10. எங்களுக்கு 4 டீ, 3 வடை. கடைக்காரர் வாயைத் திறக்கும் முன்னால் 90 ரூபாயை எடுத்து நீட்டினேன். "பரவால்லைங்களே சார், கரெக்டா எடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போனதுதான் தப்பு. மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு மாறிகளில் நேரியல் சமன்பாடு நடந்துகொண்டிருந்தது, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை எல்லாம். எக்ஸ், ஒய் என்று கொடுத்துத் தீர்க்கச் சொன்னால் தீர்த்துவிடுவாள். அதையே நாலு வரி கதையாக எழுதிக் கொடுத்தால் பேனாவைக் கடிக்க ஆரம்பித்துவிடுவாள். நான் போய் உட்கார்ந்து, "எக்ஸ், ஒய் எல்லாம் விடு கண்ணு, ட என்றால் டீ, வ என்றால் வடை" என்று ஆரம்பித்தேன். 3ட + 2வ = 65. 2ட + 3வ = 60. "மூணு டீயும் ரெண்டு வடையும் 65 ரூபா, ரெண்டு டீயும் மூணு வடையும் 60 ரூபா, அவ்வளவுதான் சமன்பாடு, படிச்சாலே புரியுது பார்." அவள் முகம் மலர்ந்தது. அன்று ராத்திரியே ஆறேழு கணக்கு முடித்தாள். மத்தியப் பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து 7 பேட்டும் 6 பந்தும் 3800 ரூபாய், 3 பேட்டும் 5 பந்தும் 1750 ரூபாய் என்ற கணக்கைக்கூடக் கொடுத்தேன். பே, ப என்று வைத்துக்கொண்டு பேட் 500, பந்து 50 என்று போட்டுவிட்டு, "500 ரூபாய்க்கு எங்கப்பா பேட் கிடைக்குது" என்று கேட்டாள். எழுத்தை வைத்துக் கணக்குப் போடும்போது நடுவில் விலையைப் பற்றி யோசிக்கிறாள் என்றால் புரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

ஒன்பதும் நூற்றுப் பத்தும்

ஒரு வாரம் கழித்து வகுப்பில் சின்னத் தேர்வு. ஐந்து மதிப்பெண் கேள்வியில் ஒன்றுதான் வாங்கியிருந்தாள். கணக்கு கிட்டத்தட்ட நம் கடைக் கணக்குதான், பொருள்தான் வேறு. வீட்டில் அதையே நான் டீக்கும் வடைக்கும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய். டீயும் வடையுமாக மொத்தம் 9 வாங்கி 110 ரூபாய் கொடுத்தேன் என்றால் டீ எத்தனை, வடை எத்தனை? தேர்வில் எழுதியதையே மறுபடி எழுதினாள்.

ட + வ = 9
ட + வ = 110

எழுதிவிட்டு நீக்கல் முறையில் கீழ் வரியிலிருந்து மேல் வரியைக் கழித்தாள். இடது பக்கம் எல்லாம் அடிபட்டுப்போய் 0 வந்தது, வலது பக்கம் 101. 0 = 101 என்று எழுதி அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. கணக்கில் கவனமே இல்லை, 15-உம் 10-உம் எங்கே போச்சு, கொடுத்த எண்ணையே பயன்படுத்தாமல் எப்படி விடை வரும் என்றெல்லாம் சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன், இந்தக் கட்டுரையும் வந்திருக்காது. நிதானமாகச் சொன்னாள்: "ட என்றால் டீ, வ என்றால் வடைன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க. டீயும் வடையும் சேர்ந்து 9. எழுதிட்டேன். டீயும் வடையும் சேர்ந்து 110 ரூபா. அதையும் எழுதிட்டேன். இதுல எது தப்பு?"

அடுப்படியில் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். நான் பதில் சொல்லப்போகிறேன் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பதில் என்னிடம் இல்லை. எங்கே தப்பு என்று எனக்குத் தெரியும், சரியான சமன்பாடு 15ட + 10வ = 110 என்றும் தெரியும், ஆனால் அவள் சொன்ன வாக்கியத்தில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. டீயும் வடையும் சேர்ந்து ஒன்பதுதான். டீயும் வடையும் சேர்ந்து 110 ரூபாய்தான். தமிழில் இரண்டும் சரி. "சரி, சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டேன்.

சாப்பிட்டதும் பார்க்கவில்லை. அவள் தூங்கிய பிறகு அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கணக்கில் 3ட என்று எழுதினேனே, அதை எப்படிப் படித்தேன்? 'மூணு டீ.' ஆனால் மூணு டீயும் ரெண்டு வடையும் எப்படி 65 ஆகும்? அது ஐந்து பொருள், அவ்வளவுதானே. 65 என்பது ரூபாய். இடது பக்கம் டம்ளரும் வடையும், வலது பக்கம் நோட்டும் சில்லறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் சமக்குறி போட எனக்கு யார் அனுமதி கொடுத்தது? 3ட என்பது 3 டீ இல்லை. ஒரு டீயின் விலை எவ்வளவோ, அதைப்போல் மூன்று மடங்கு. ட என்பது டீ இல்லை, ரூபாய். இன்னும் சரியாகச் சொன்னால், ரூபாய்கூட இல்லை, ஓர் எண். 15 என்ற எண் தன் பெயரை இன்னும் சொல்லாமல் ட என்ற வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது கணக்கிலோ விலை தெரியும். தெரியாதது எத்தனை டீ என்பது. அங்கே ட என்பது 4 என்ற எண். ஒரே எழுத்து, முதல் கணக்கில் விலை, அடுத்ததில் எண்ணிக்கை. நான் இந்த இரண்டையும் ஒரே டம்ளருக்குள் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். முதல் வகைக் கணக்கில் மட்டும் என் சோம்பேறித்தனம் தற்செயலாகச் சரியான சமன்பாட்டைக் கொடுத்துவிடுகிறது, ஏனென்றால் 'மூணு டீ' என்று படித்தாலும் 'டீயின் விலைக்கு மூன்று மடங்கு' என்று படித்தாலும் எழுத்தில் 3ட-தான். ஒரு வாரம் அவள் சரியான விடையாகப் போட்டுத் தள்ளியதும், நான் மார்தட்டிக்கொண்டதும் அந்தத் தற்செயலின் புண்ணியம்.

என் மகள் மட்டும் இல்லை என்பது அன்று ராத்திரி தேடிப் படித்ததில் தெரிந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. 1970-களில் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் ஒரு கேள்வி: நீலப் பென்சில் 5 பென்ஸ், சிவப்புப் பென்சில் 6 பென்ஸ். இரண்டிலும் கொஞ்சம் வாங்கினேன், மொத்தம் 90 பென்ஸ் ஆனது. நீலப் பென்சிலின் எண்ணிக்கை ஓர் எழுத்து, சிவப்பின் எண்ணிக்கை ஓர் எழுத்து, இவற்றைப் பற்றி என்ன எழுத முடியும்? 5நீ + 6சி = 90 என்பதுதான் விடை. அடிக்கடி வந்த தப்பு விடை நீ + சி = 90. என் வீட்டு நோட்டில் இருக்கும் அதே வரி, ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கடல் தாண்டி. இன்னொரு தப்பு விடை இன்னும் அழகு: 6நீ + 10சி = 90. ஆறு நீலமும் பத்துச் சிவப்பும் வாங்கினால் 30-உம் 60-உம் சேர்ந்து சரியாக 90 வருகிறதே! அந்தப் பிள்ளை மனசுக்குள் கணக்கையே தீர்த்துவிட்டது. தீர்த்ததை எழுதும்போது '6 நீலப் பென்சில், 10 சிவப்புப் பென்சில், 90 பென்ஸ்' என்று சீட்டு எழுதுவதுபோல எழுதிவிட்டது. இதைப் போய்க் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது.

ரூபாய்க்கு இருபது ஆடு

சரி, எனக்குப் புரிந்துவிட்டது என்று நோட்டை மூடப்போனேன். அப்போது என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, நினைவுக்கு வந்தார். அவர் வியாழக்கிழமை தவறாமல் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு மாடு தெரியும், விலை தெரியாது. இப்போது யோசித்தால் இயற்கணிதத்துக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. அவர் எனக்குச் சின்ன வயசில் ஒரு கணக்குப் போட்டார், பலரும் கேட்டிருப்பீர்கள். நூறு ரூபாய்க்கு நூறு உருப்படி வாங்கவேண்டும். யானை 5 ரூபாய், குதிரை 1 ரூபாய், ஆடு ரூபாய்க்கு இருபது. மூன்றும் இருக்கவேண்டும். எத்தனை எத்தனை?

அவர் எழுத்தே வைக்காமல் தீர்ப்பார். "குதிரை ஒண்ணுக்கு ஒண்ணு, அதைத் தள்ளு. யானை ஒண்ணு வாங்கினா 4 ரூபா கூடப் போகுது. ஆடு இருபது வாங்கினா 19 ரூபா மிச்சமாகுது. கூடப் போனதும் மிச்சமானதும் நேராகணும்." அவ்வளவுதான். 19 யானை வாங்கினால் 76 ரூபாய் கூடப் போகும், 80 ஆடு வாங்கினால் 76 ரூபாய் மிச்சம், இரண்டும் சேர்ந்து 99 உருப்படி, பாக்கி ஒரு குதிரை. சின்ன வயசில் எனக்கு இது மாயமாக இருந்தது. அன்று ராத்திரி முதல் தடவையாக அதை எழுத்து வைத்துப் போட உட்கார்ந்தேன். ய, கு, ஆ என்பது யானை, குதிரை, ஆடுகளின் எண்ணிக்கை. எண்ணிக்கை! அதை அடிக்கோடு போட்டே எழுதினேன். ய + கு + ஆ = 100. அடுத்த வரி: 5ய + கு + 20ஆ = 100.

எழுதிவிட்டுக் காப்பி குடிக்க எழுந்தேன், திரும்பி வந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. 20ஆ? ஆடு ஒன்று இருபது ரூபாயா? ரூபாய்க்கு இருபது என்றால் ஒரு ஆடு ரூபாயில் இருபதில் ஒரு பங்கு. 20-ஆல் பெருக்க வேண்டியதில்லை, வகுக்கவேண்டும். மகளைச் சத்தம் போட்ட அதே நாளில், அவள் தப்பை ஒரு மணி நேரம் ஆராய்ச்சி செய்து முடித்த கையோடு, நான் அதே குழியில் விழுந்திருக்கிறேன். காதில் 'இருபது ஆடு' என்று விழுந்தது, கை 20ஆ என்று எழுதிவிட்டது.

நம் ஊரில் விலை சொல்லும் விதமே இரண்டு. ஒன்று, 'கிலோ நாப்பது' என்பது. இன்னொன்று, 'நூறு ரூபாய்க்கு மூணு கிலோ' என்பது. தெருவில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் லோடு ஆட்டோக்காரர் ஒருநாளும் வெங்காயம் கிலோ 33 ரூபாய் 33 காசு என்று கூவமாட்டார். நூறு ரூபாய்க்கு மூணு கிலோ என்பார், அடுத்த வாரம் நூறு ரூபாய்க்கு நாலு கிலோ. கேட்கிறவருக்கும் அதுதான் சுகம், கையில் நூறு ரூபாய் நோட்டு இருக்கிறது, எவ்வளவு வரும் என்று தெரிந்தால் போதும். இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு பக்கம், ஒன்று மற்றதன் தலைகீழ். முதல் விதத்தில் எண் பெரிசானால் விலை ஏறுகிறது, இரண்டாவதில் எண் பெரிசானால் விலை இறங்குகிறது. காது இதைத் தினமும் பிரித்துக் கேட்கிறது, ஒரு பாட்டிகூட ஏமாறமாட்டாள். எழுத்து வைத்து எழுதும்போது மட்டும் எண்ணும் பொருளும் வாக்கியத்தில் வந்த வரிசையிலேயே ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

இதுவும் என் குடும்ப வியாதி இல்லை. 1980 வாக்கில் அமெரிக்காவில் முதல் வருஷப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்: ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுது. மா = 6பே என்பது விடை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பு, பெரும்பாலும் 6மா = பே என்று. ஒரு பேராசிரியருக்குப் பக்கத்தில் ஆறு மாணவர் நிற்கும் படத்தை அப்படியே எழுதிவிட்டார்கள்.

திருத்தி எழுதினேன். 5ய + கு + ஆ/20 = 100. முதல் வரியைக் கழித்தால் குதிரை போய்விடுகிறது (அப்புச்சி சொன்னது இதுதான்!), 4ய = 19ஆ/20, அதாவது 80ய = 19ஆ. இங்கே வந்து மறுபடி ஒரு நிமிஷம் நின்றேன். 80 யார் பக்கத்தில் நிற்கிறது? யானைக்குப் பக்கத்தில். ஆனால் 80 இருப்பது ஆடு. 19 நிற்பது ஆட்டுக்குப் பக்கத்தில், 19 இருப்பது யானை. '80 யானையும் 19 ஆடும் சமம்' என்று படித்தால் கணக்குத் தலைகீழாகப் போய்விடும். யானைகளின் எண்ணிக்கையை 80-ஆல் பெருக்கினாலும் ஆடுகளின் எண்ணிக்கையை 19-ஆல் பெருக்கினாலும் ஒரே எண் வருகிறது, ஆகவே ஆடுதான் அதிகம் இருக்கவேண்டும் என்று மெதுவாகப் படித்தால்தான் சரியாக வரும். 80-க்கும் 19-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுஎண் கிடையாது, ஆடு 80-இன் மடங்காகத்தான் இருந்தாகவேண்டும், நூறுக்குள் ஒரே ஒரு மடங்குதான். இந்தக் கணக்கின் மூதாதையர் சீனத்தில் இருக்கிறார்கள், 5-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில்: சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு காசுக்கு மூன்று, நூறு காசுக்கு நூறு பறவை. அங்கேயும் கடைசி விலை தலைகீழாகத்தான் வருகிறது, கவனித்தீர்களா? கணக்குப் போட்ட ஆசாமிக்கு மாணவன் எங்கே வழுக்குவான் என்று தெரிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆதாரம் எதுவும் இல்லை, சும்மா ஒரு சந்தேகம்.

எவ்வளவோ அவ்வளவு

இதற்கிடையில் இன்னொன்று கண்ணில் பட்டது. என் டீக்கடைக் கணக்கு 9-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷன் காலத்தில் இருந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் எழுதிய 'கணித சார சங்கிரகம்' என்ற நூலில். சம்ஸ்கிருத மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ரங்காச்சாரியார் என்ற சம்ஸ்கிருதப் பேராசிரியர் 1912-இல் நம் சென்னையில்தான் பதிப்பித்தார். கணக்கு இது: 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து 107. 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101. கணக்கு வல்லவனே, ஒவ்வொன்றின் விலை என்ன? நம் 3, 2, 65 மாதிரியேதான். சேர்த்தால் 16 ஜோடி 208, ஒரு ஜோடி 13. கழித்தால் 2 நார்த்தை 2 விளாவைவிட 6 அதிகம், ஆகவே ஒன்றுக்கு 3 அதிகம். நார்த்தை 8, விளா 5. மகாவீரர் சொல்லும் வழி வேறு: பெரிய விலையைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்கு (9 × 107 = 963), சிறிய விலையைச் சிறிய எண்ணிக்கையால் பெருக்கு (7 × 101 = 707), கழித்தால் 256. எண்ணிக்கைகளின் வர்க்கங்களைக் கழித்தால் 81 − 49 = 32. 256-ஐ 32-ஆல் வகுத்தால் 8. நீக்கல் முறையேதான், எழுத்து இல்லாமல் வாயால் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவரும் விலை கேட்கக் கூச்சப்பட்டு இப்படிக் கண்டுபிடித்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு விடை கிடைத்தது அதற்குப் பக்கத்துக் கதையில். தெரியாத எண்ணுக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர் வைத்தார்கள்? 628-இல் எழுதிய பிரம்மகுப்தர் நிறங்களின் பெயரை வைத்திருக்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் வரிசையாகச் சொல்கிறார்: முதல் தெரியாத எண் யாவத்தாவத், அடுத்தது காளகம், அப்புறம் நீலகம், பீதகம். கருப்பு, நீலம், மஞ்சள். சுருக்கமாக யா, கா, நீ, பீ. நார்த்தங்காய்க் கணக்கில் 'கா' என்று எழுதினால் எந்தப் பிள்ளையும் அதைக் காய் என்று நினைக்குமோ என்னவோ, நீ என்பதை நார்த்தை என்று நிச்சயம் நினைக்காது. அதைவிட அந்த முதல் பெயர். யாவத் தாவத். எவ்வளவோ, அவ்வளவு. இதைப் படித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். என் மகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் இதுதான். ட என்றால் டீ என்று சொன்னதற்குப் பதிலாக, ட என்றால் 'ஒரு டீ எவ்வளவோ, அவ்வளவு' என்று சொல்லியிருந்தால் அவள் அந்த இரண்டாவது வரியை எழுதியிருக்கவே மாட்டாள். எக்ஸ், ஒய் பயமாக இருக்கிறது என்று நான் மாற்றினேனே, அந்த எக்ஸுக்கு இருந்த ஒரே நல்ல குணம் அது எந்தப் பொருளைப் போலவும் இல்லை என்பதுதான். அதைத்தான் பிடுங்கிப் போட்டுவிட்டு டீயை வைத்திருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "நேத்து தப்பு என்னுதுதான் கண்ணு" என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி ஒருமுறை தப்புப் பண்ணலாம்போல இருந்தது. ஒரு விதி மட்டும் வைத்தோம். கணக்கை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு முழு வாக்கியம் எழுதவேண்டும். 'ட = ஒரு டீயின் விலை, ரூபாயில்' அல்லது 'ட = வாங்கிய டீக்களின் எண்ணிக்கை'. வெறும் 'ட = டீ' என்று எழுதினால் நோட்டைக் கிழிக்கும் உரிமை எனக்கு உண்டு. அப்புறம் ஒவ்வொரு துண்டையும் வாய்விட்டுப் படிக்கவேண்டும். 15ட: ஒரு டீ 15 ரூபாய், ட டீ, ஆக 15ட ரூபாய். 10வ: அதேபோல ரூபாய். இரண்டும் ரூபாய், கூட்டலாம், வலது பக்கமும் ரூபாய்தான், 110. முதல் வரியில் ட-வும் வ-வும் எண்ணிக்கை, கூட்டினால் 9 என்ற எண்ணிக்கை. "ஓ, முதல் வரி டம்ளரு, ரெண்டாவது வரி காசு" என்றாள். அதற்கப்புறம் நான் பேசவேண்டிய அவசியமே வரவில்லை. எல்லாம் வடையாக வாங்கினால் 90 ரூபாய், 20 ரூபாய் மிச்சம் இருக்கிறது, வடையை டீயாக மாற்றினால் ஒன்றுக்கு 5 ரூபாய், ஆக 4 டீ, 5 வடை என்று மனசிலேயே போட்டுவிட்டு, அப்புறம்தான் சமன்பாடு எழுதினாள். 9 வாங்கினேன் என்ற வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எழுதிப் பார்த்துவிட்டு, டீ 0, 2, 4, 6 நாலுமே சரியாக வருகிறது என்றாள். "டீ 1-ன்னு வெச்சா வடை ஒன்பதரை வருது. அரை வடை தருவாங்களாப்பா?" விலை 9 ரூபாய் 50 காசாக இருக்கலாம், வடை ஒன்பதரையாக இருக்க முடியாது. ட எது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியே வரும்.

அதிலிருந்து கொஞ்ச நாளைக்குக் கடைக்குப் போனால் தொல்லை. பாக்கெட்டின் மேல் இப்போதெல்லாம் ஓர் அலகுக்கு என்ன விலை என்று அச்சடித்து வருகிறதே, 2021-இல் விதியைத் திருத்தியபிறகு வந்தது, அதைப் படித்துக்கொண்டே நிற்பாள். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் கிராமுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள், ஒரு கிலோவுக்கு மேலே என்றால் கிலோவுக்கு. ஒன்றில் 0.24 என்று இருக்கும், பக்கத்துப் பெரிய பாக்கெட்டில் 245 என்று இருக்கும். சின்னது 900 கிராம் 216 ரூபாய், பெரியது 2 கிலோ 490 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிசு வாங்கினால் லாபம் என்று கை தானாகப் பெரிசுக்குத்தான் போகும். 0.24 என்பது கிலோவுக்கு 240. பெரியதில் கிலோவுக்கு 5 ரூபாய் அதிகம். என் மனைவி பின்னால் நின்றுகொண்டு "ரெண்டு பேரும் கணக்கை முடிச்சுட்டுச் சொல்லுங்க, கடையை மூடப்போறாங்க" என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளே எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுவந்தாள். அந்தக் கடையில் மறுபடி விலை ஏற்றிவிட்டார்கள் என்று நான் புலம்பியிருந்தேன், அதை வைத்து. "முதல் டேபிள்ல 3 டீ, 2 வடை, 76 ரூபா. ரெண்டாவது டேபிள்ல 6 டீ, 4 வடை, 152 ரூபா. ட என்பது ஒரு டீயின் விலை, ரூபாயில். வ என்பது ஒரு வடையின் விலை, ரூபாயில். வடை எவ்வளவுப்பா?" என்று கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். நானும் விதிப்படி இரண்டு வாக்கியத்தையும் எழுதி, சமன்பாடு எழுதி, முதல் வரியை 2-ஆல் பெருக்கிக் கழித்தேன். டீ போனது. வடையும் சேர்ந்து போனது. வலது பக்கம் 152-இல் 152 போனது. 0 = 0. எங்கோ தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அடித்துவிட்டு, இந்த முறை பிரதியிடல் முறையில் போட்டேன். அதுவும் 76 = 76 என்று வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஒரே வழிதான்ப்பா. கடைக்காரரைத்தான் கேக்கணும்."